பொருநையும் பாதாளச் சாக்கடையும்

தாமிரபரணியைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட பக்கங்களை எல்லாம் கொண்டுவந்து அடுக்கினால், பாபநாசம் தொடங்கிப் புன்னைக்காயல் வரை இரு கரையிலும் ஆளுயரத்துக்கு மதில் எழுப்பிவிடலாம். படித்துறை, மருத மரம், கல்மண்டபம், ஈரச்சேலை, அதிகாலைக் குளியல், மணல்வெளியில் நிலவு. இந்தச் சாமான்களில் இரண்டு மூன்றாவது இல்லாமல் நெல்லைச் சீமையிலிருந்து ஒரு கதையோ கவிதையோ வந்துவிடாது. அவற்றுள் சில தமிழின் அரிய எழுத்துகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதே படித்துறைக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஓடை நதிக்குள் இறங்குகிறது. கறுத்த, நுரைத்த, மழையில்லாத நாளிலும் வற்றாத ஓடை. அது எந்த வார்டிலிருந்து வருகிறது, அதைத் தடுத்து வேறுபக்கம் திருப்பவேண்டிய உந்து நிலையம் எங்கே இருக்கிறது, அது ஓடுகிறதா என்றெல்லாம் கேட்ட எழுத்து நம்மிடம் எத்தனை? விரல்விட்டு எண்ணலாம், விரல்கள் மிஞ்சும்.

இந்த நதி சாவதை ஒரு நாகரிகத்தின் வீழ்ச்சியாகவும், விழுமியங்களின் சரிவாகவும், நுகர்வுப் பண்பாட்டின் சாபமாகவும் எழுதிவருகிறோம். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. இது ஒரு நகராட்சி அலுவலகத்தின் அன்றாடத் தோல்வி. இணைப்புக் கொடுக்கப்படாத வீடுகள், ஓடாத மோட்டார்கள், நிரப்பப்படாத பணியிடங்கள், முடியாத ஒப்பந்தங்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை. அத்தோல்விக்கு இரங்கற்பா எழுதுகிறவன் அதை விதியாக்கிவிடுகிறான். விதியை யாரும் கேள்வி கேட்பதில்லை. ஆணையரும் பொறியாளரும் அமைச்சரும் நிம்மதியாக இருக்கலாம். இலக்கியவாதிகள் இதை அறியாமல் செய்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். செய்கிறார்கள் என்பதுதான் என் குற்றச்சாட்டு.

தாமிரபரணிக்கு ஒரு தனித்தன்மை உண்டு. காவிரிக்குக் கர்நாடகம், பாலாற்றுக்கு ஆந்திரம் என்று சொல்வதுபோலப் பழி சுமத்த அதற்கு அண்டை மாநிலம் கிடையாது. பொதிகையில் பிறந்து, ஏறக்குறைய 128 கிலோமீட்டர் ஓடி, மன்னார் வளைகுடாவில் சேரும்வரை தமிழ்நாட்டை விட்டு அது வெளியேறுவதில்லை. திருநெல்வேலி, தூத்துக்குடி என்னும் இரண்டு மாவட்டங்கள்; அவையும் 1986 வரை ஒரே மாவட்டம். ஆக, இந்த நதியில் கலக்கும் ஒவ்வொரு குடம் அழுக்கும் நம்முடையது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2018இல் நாடு முழுவதும் மாசடைந்த 351 ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டபோது தமிழகத்திலிருந்து ஆறு நதிகள் இடம்பெற்றன. தாமிரபரணியும் அவற்றில் ஒன்று.

வெளியில் எதிரி இல்லாத இடத்தில் எதிரியைத் தேடுவது நம் இயல்பு. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்கு ஆற்று நீர் கொடுக்கப்பட்டதை எதிர்த்து எத்தனை கவியரங்கங்கள், எத்தனை சிறப்பிதழ்கள்! 2016 நவம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இடைக்காலத் தடை விதித்தது; 2017 மார்ச்சில் தடை நீங்கியது. அந்தப் போராட்டம் தேவையற்றது என்று நான் சொல்லமாட்டேன். பொதுநீரைத் தனியாருக்கு என்ன விலைக்குக் கொடுப்பது என்பது கேட்கவேண்டிய கேள்விதான். 2024 டிசம்பரில் கேரளத்து மருத்துவக் கழிவுகளை நடுக்கல்லூர், கொடகநல்லூர்ப் பக்கம் கொட்டிவிட்டுப் போனார்கள். ஊரே கொதித்தது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது, கேரள அரசு லாரிகளை அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போயிற்று. நல்லது. ஆனால் சில லாரிக் குப்பைக்குக் கொதித்த அதே ஊரில், அதே வாரத்திலும் அதற்கு முந்தைய ஆயிரம் வாரங்களிலும், சொந்த வீடுகளின் மலநீர் ஆற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் கொதிப்பில்லை. அந்நியன் கொட்டினால் அவமதிப்பு, நாமே கொட்டினால் வடிகால்.

அந்த வடிகாலைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இலக்கிய வாசகர்களுக்கு இது சுவையான பொருளாக இராது, பரவாயில்லை.

திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் ஆகிய நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் சேர்த்து 1994இல் மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி 4,73,637 பேர். இந்தியக் கணக்கில் இது சிறு நகரம்தான். இங்கே பாதாளச் சாக்கடைத் திட்டத்தின் முதற்கட்டம் நகரின் ஒரு பகுதியை மட்டுமே தொட்டது. மற்றவை இரண்டாம் கட்டம், மூன்றாம் கட்டம் என்று தள்ளிவைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தெருக்களைத் தோண்டியும் மூடியும் மறுபடி தோண்டியும் நகர்ந்தன. பாதாளச் சாக்கடை என்பது சாலைக்கு அடியில் பதித்த குழாய் மட்டும் அல்ல. வீட்டுக் கழிப்பறையிலிருந்து தெருக்குழாய்க்கு இணைப்பு வேண்டும். தெருக்குழாயில் நீர் சரிவில் ஓடிவந்து ஒரு கிணற்றில் சேரவேண்டும். அங்கே மோட்டார் அதை மேலேற்றி அடுத்த கட்டத்துக்குத் தள்ளவேண்டும். இப்படித் தள்ளித் தள்ளி ஊருக்கு வெளியே இராமையன்பட்டிச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசேர்க்கவேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் மீதி அனைத்தும் வீண். இணைப்பு இல்லையென்றால் வீட்டுச் செப்டிக் டேங்க் நிறைந்து தெருவோரச் சாக்கடைக்கு வழியும். மின்சாரம் போய், டீசல் இல்லாமல், உந்து நிலைய மோட்டார் நின்றால் ஆள்நுழைகுழி பொங்கும். பொங்கியதும் வழிந்ததும் எங்கே போகும்? பள்ளத்துக்குப் போகும். நெல்லையில் பள்ளம் என்றால் கால்வாய்.

இங்கேதான் நம் முன்னோர்களின் பெருமை நம்மைத் திருப்பி அடிக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் அவற்றின் கால்வாய்களையும் பற்றி நாம் பேசி அலுத்ததில்லை. சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து வரும் நெல்லைக் கால்வாய் பேட்டையையும் டவுனையும் தொட்டு ஓடுகிறது. பழவூர் அணைக்கட்டின் பாளையங்கால்வாய் மேலப்பாளையம், பாளையங்கோட்டை வழியே போகிறது. வயலுக்கு நீர் கொண்டுபோக அமைந்த வழிகள் இவை. வழியில் இருந்த வயல் வீட்டுமனையானது. வீட்டுமனையின் பின்புறக் கழிவுநீர்க் குழாய் கால்வாய்க்குள் வந்தது. நீர்ப்பாசனக் கால்வாய் நீர்வளத் துறையுடையது, சாக்கடை மாநகராட்சியுடையது, திட்டம் குடிநீர் வடிகால் வாரியத்துடையது. மூன்று அலுவலகங்களுக்கும் மூன்று கோப்புகள். கால்வாயில் மிதப்பது யாருடைய கோப்பிலும் இல்லை. கடைமடை விவசாயி மட்டும் சொறி பிடித்த கால்களோடு அந்த நீரில் நிற்கிறார். அவருக்குக் கோப்பு கிடையாது.

சரி, இது நீர் வெளியேறும் கதை. நீர் உள்ளே வரும் கதை இதைவிட முக்கியமானது. திருநெல்வேலி மாநகராட்சி குடிநீருக்காக ஆற்றுப்படுகையில் உறைகிணறுகளை இறக்கியிருக்கிறது. கொண்டாநகரம், சுத்தமல்லி போன்ற இடங்களில் ஆற்றின் அடியில் மணலில் ஊறிவரும் நீரை எடுத்து, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றுகிறார்கள். இந்த முறையில் உண்மையான வடிகட்டி எந்த எந்திரமும் அல்ல, மணல்தான். பல அடி ஆழ மணலின் ஊடே மெல்ல இறங்கும் நீர் தன் கசடுகளை மேலே விட்டுவிட்டு வருகிறது. ஆகவே மணல் கொள்ளையைக் கட்டுமானத் தொழிலின் ஊழலாக மட்டும் பார்ப்பது பாதிப் பார்வை. அது ஒரு நகரத்தின் குடிநீர் வடிகட்டியைப் பெயர்த்து லாரியில் ஏற்றி விற்ற கதை. 2010இல் நல்லகண்ணு பொதுநல வழக்குத் தொடுத்துத் தாமே வாதாடி, தாமிரபரணியில் ஐந்தாண்டுகளுக்கு மணல் அள்ளத் தடை வாங்கினார். மணல்வெளியில் நிலவொளியை எழுதியவர்களில் எத்தனை பேர் அந்த வழக்கின் தீர்ப்பைப் படித்திருப்பார்கள்?

நதி நெல்லையோடு முடிந்துவிடவில்லை. கீழே சீவலப்பேரி இருக்கிறது. கோவில்பட்டிக்கு அங்கிருந்து குடிநீர் போகிறது. அதற்குக் கீழே வல்லநாடு. தூத்துக்குடி மாநகரம் அங்கிருந்து குடிக்கிறது. தாகத்தையே ஓர் இலக்கிய மரபாக ஆக்கியது கரிசல் பூமி. ஊருணிக் கலங்கலுக்காகக் குடத்தோடு நடந்த பெண்களைப் பற்றி நாம் படித்து நெகிழ்ந்திருக்கிறோம். அந்தப் பெண்களின் பேத்திகளுக்குக் கடைசியில் குழாய் வந்தது. குழாயின் மறுமுனை திருநெல்வேலியின் சாக்கடை கலந்த ஆற்றில் இருக்கிறது. கரிசலின் தாகத்தைப் பாடியவர்களும் பொருநையின் வளத்தைப் பாடியவர்களும் ஒரே மேடையில் பொன்னாடை போர்த்திக்கொள்கிறார்கள். இந்த ஒரு குழாயைப் பற்றி அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டால் தேவலை.

தமிழ் இலக்கியத்துக்கு நகராட்சி ஒருபோதும் கண்ணில் படவில்லை என்று நான் சொல்லவரவில்லை. மாறாக, ஒரு காலத்தில் நன்றாகவே பட்டிருக்கிறது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’யை (1966) காலத்தின், மாற்றத்தின் நாவலாக வாசித்து வாசித்து அதன் பருண்மையான பொருளை மறந்துவிட்டோம். அது ஒரு குளத்தின் நாற்றம் மகாராஜாவின் மூக்கை எட்டியதால் குளம் தூர்க்கப்பட்ட கதை. அது நகராட்சித் தேர்தலின் கதை, இரண்டு வியாபாரிகளின் போட்டி ஒரு சந்திப்பின் உருவத்தையே மாற்றிய கதை. ஒரு சிறு நகரத்தில் பொதுநிலமும் பொதுநீரும் யாருடைய கையொப்பத்தால் எப்படிக் காணாமல் போகின்றன என்பதை அதைவிடத் துல்லியமாகச் சொன்ன தமிழ் நாவல் எனக்குத் தெரிந்து இல்லை. அதே சு.ரா. மொழிபெயர்த்தது தகழியின் ‘தோட்டியின் மகன்’. ஆலப்புழை நகராட்சியின் மலமள்ளும் தொழிலாளர்களின் கதை. இசக்கிமுத்து, சுடலைமுத்து என்ற பெயர்களே சொல்லிவிடும், அவர்கள் எந்தச் சீமையிலிருந்து போனவர்கள் என்று. கூலியில் கைவைக்கும் ஓவர்சியரும், தொழிலாளியின் சேமிப்பை விழுங்கும் நகராட்சித் தலைவரும் அந்த நாவலில் உயிரோடு உலவுகிறார்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் தோண்டிப் போட்ட தெருவும் அடிகுழாயும் பின்னணி அல்ல, அவைதான் கதை. இந்த மூவரும் சாக்கடையையும் குழாயையும் இலக்கியத்துக்குத் தாழ்ந்த பொருளாக நினைக்கவில்லை. 2012இல் மலர்வதியின் ‘தூப்புக்காரி’ யுவ புரஸ்கார் பெற்றபோது அதைத் தலித் எழுத்து, பெண் எழுத்து என்று பெட்டிகளில் போட்டு மூடினோம். நம் நகரங்களைச் சுத்தம் செய்வது யார், எந்த ஒப்பந்தத்தின்கீழ், எந்தக் கையுறையோடு என்ற கேள்வியை அந்தப் பெட்டிகளிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை.

துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றியாயிற்று. பெயர் மாற்றத்தில் நமக்கு நிகர் யாருமில்லை. அரசாணை மொழி உயர்ந்துகொண்டே போக, நிரந்தரப் பணியிடங்கள் குறைந்துகொண்டே வந்தன. மாநகராட்சிகளின் துப்புரவு ஒப்பந்ததாரர்களின் கைக்குப் போயிற்று. சாக்கடைக்குள் மனிதனை இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. சாக்கடை மரணங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. மரணங்கள் நிற்கவில்லை என்பதைத்தானே தொகையின் உயர்வு காட்டுகிறது? 1993 முதலான சாக்கடை மரணங்களை மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கணக்குச் சொன்னபோது முதலிடத்தில் நின்றது, சமூகநீதியின் தாயகம் என்று நாம் மார்தட்டிக்கொள்ளும் இதே தமிழ்நாடு.

நகராட்சி என்றால் ஆணையரும் பொறியாளரும் மட்டும்தானா, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் எங்கே என்று கேட்கலாம். 1992இல் நிறைவேறிய 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் குடிநீர், துப்புரவு, திடக்கழிவு எல்லாம் நகர்மன்றங்களின் பொறுப்பு என்றது. தமிழகத்திலோ 2016 அக்டோபரில் மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த நகர்ப்புறத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். ஐந்தாண்டுகளுக்கும் மேலாக ஒரு கவுன்சிலர்கூட இல்லாமல் தனி அலுவலர்கள் நகரங்களை நடத்தினார்கள். நெல்லை ‘ஸ்மார்ட் சிட்டி’யாகத் தேர்வானதும் இந்த இடைவெளியில்தான், 2017 ஜூனில். எந்தத் தெருவுக்குச் சாக்கடை, எந்தப் பேருந்து நிலையத்துக்குப் பளபளப்பு என்று முடிவெடுத்த அறையில் ஊரார் தேர்ந்தெடுத்த ஒருவரும் இல்லை. இதற்காக எந்த எழுத்தாளர் அமைப்பும் தீர்மானம் போட்டதாக நினைவில்லை. தேர்தல் வந்து மன்றம் அமைந்தபின் மேயருக்கும் அவருடைய கட்சிக் கவுன்சிலர்களுக்குமே மோதல் முற்றி, 2024 ஜூலையில் மேயர் விலகினார். ஆகவே தேர்தல் சர்வரோக நிவாரணி என்று வாதிட நான் தயாரில்லை. ஆனால் மன்றமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் பிளின்ட் நகரம் பாடம். மிச்சிகன் மாநிலத்தின் ஒரு லட்சம் பேர் கொண்ட அந்த ஊரில், கடனைக் காரணம் காட்டி, தேர்ந்தெடுத்தவர்களுக்கு மேலே மாநில அரசு ஒரு நெருக்கடி மேலாளரை உட்கார்த்தியது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் நீரை விட்டுவிட்டு உள்ளூர் ஆற்றுநீருக்கு மாறினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்கவேண்டிய மலிவான பாஸ்பேட் மருந்தைச் சேர்க்கவில்லை. ஈயக் குழாய்கள் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஏறின. எந்திர பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று அவ்வூர்க் கார் ஆலை அதே அக்டோபரில் அந்த நீரை நிறுத்திக்கொண்டது. மனிதர்கள் மேலும் ஓராண்டு குடித்தார்கள். முறையிட்டவர்களின் குரலைக் கேட்கும் கடமை அந்த மேலாளருக்கு இருக்கவில்லை, அவரை யாரும் வாக்களித்து அனுப்பவில்லை என்பதால்.

இதையெல்லாம் மாற்றமுடியாது, நம் மக்கள் காசு கொடுக்கமாட்டார்கள் என்று ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கிறது. பொய். சென்னைக்கு அருகே ஆலந்தூர் நகராட்சி, 1990களின் இறுதியில், பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை கேட்டது. குழாய் ஓரடிகூடப் பதிக்கும் முன்பே. நகர்மன்றத் தலைவர் ஆர்.எஸ்.பாரதியும் உறுப்பினர்களும் குடியிருப்போர் சங்கங்களைத் தெருத்தெருவாகச் சந்தித்தார்கள். பெரும்பான்மையான வீடுகள் பணம் கட்டின. திட்டம் சில ஆண்டுகளில் முடிந்து ஓடத் தொடங்கியது. (கட்சியைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்.) தாங்கள் கொடுத்த பணம் தங்கள் தெருவுக்கு வரும் என்று நம்பவைக்க யாராவது இருந்தால் தமிழன் பணம் கொடுப்பான் என்பதே இதன் பொருள். பின்னர் 2011இல் ஆலந்தூர் சென்னை மாநகராட்சியில் கரைந்துபோனது வேறு கதை.

நெல்லையில் நம்பவைக்கும் வேலை வேறு பக்கம் நடந்தது. 2018 அக்டோபரில் 144 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது என்று சொல்லி மகா புஷ்கரம் கொண்டாடினார்கள்; 12 நாட்கள் லட்சக்கணக்கானோர் மூழ்கி எழுந்தார்கள். பக்தியை நான் பழிக்கவில்லை. புனிதம் என்று நம்புகிற நீரில் கலப்பது என்ன என்று கேட்பதற்குப் பக்திதான் முதல் காரணமாக இருந்திருக்கவேண்டும். நாத்திகத் தரப்பிலும் இதே கதை வேறு உடையில் நடந்தது. சிவகளையில் கிடைத்த நெல்மணிகளின் காலத்தை வைத்து, பொருநை நாகரிகம் 3,200 ஆண்டுப் பழமை உடையது என்று 2021 செப்டம்பரில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். அருங்காட்சியகம் கட்டினார்கள். ஒரு தரப்புக்கு நதி தாய், மறுதரப்புக்கு நதி நாகரிகம். மோட்டார் பழுதான உந்து நிலையத்தைப் பற்றி இரு தரப்புக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

விதிவிலக்குகளைச் சொல்லாமல் விடுவது அநியாயம். தாமிரபரணி பற்றி நூல்கள் எழுதிய முத்தாலங்குறிச்சி காமராசு, எழுதியதோடு நிற்காமல் உயர்நீதிமன்றம் போனார். 2024 நவம்பரில் நீதிபதிகள் ஜி.ஆர்.சுவாமிநாதனும் பி.புகழேந்தியும் நெல்லைக்கு நேரில் வந்து கழிவுநீர் கலக்கும் இடங்களைப் பார்த்தார்கள். ஒரு நகரத்தின் சாக்கடையைப் பார்க்க இரண்டு உயர்நீதிமன்ற நீதிபதிகள் வரவேண்டியிருந்தது என்பதில் நெல்லையின் படிப்பாளிகள் வெட்கப்பட நிறையவே இருக்கிறது.

அடுத்த நதிச் சிறப்பிதழுக்குத் திட்டமிடுகிற நண்பர்களுக்கு என்னிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இலிருந்து இருக்கிறது; ஒரு விண்ணப்பத்துக்கு 10 ரூபாய் நீதிமன்ற வில்லை போதும். மாநகராட்சிக்கு இவற்றைக் கேட்டு எழுதுங்கள்: வார்டுவாரியாக எத்தனை வீடுகள், அவற்றுள் எத்தனைக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு? கடந்த 12 மாதங்களில் ஒவ்வொரு உந்து நிலையமும் எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை நாள் நின்றது, ஜெனரேட்டருக்கு எவ்வளவு டீசல் வாங்கப்பட்டது? இராமையன்பட்டிக்கு நாள்தோறும் எத்தனை லிட்டர் கழிவுநீர் வந்து சேர்கிறது? குடிநீராக ஊருக்குள் அனுப்பிய லிட்டர் எத்தனை? இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஊருக்குள் போன நீரில் குடித்ததும் கொதித்ததும் மண்ணில் ஊறியதும் போக, பெரும்பகுதி கழிவாக வெளியே வந்தாகவேண்டும். வராத லிட்டர் எல்லாம் கால்வாயில் இருக்கிறது, ஆற்றில் இருக்கிறது, கோவில்பட்டிக்காரர் வீட்டுக் குடத்தில் இருக்கிறது. அந்த எண்ணைச் சிறப்பிதழின் முதல் பக்கத்தில் போடுங்கள். கவிதைகளை மூன்றாம் பக்கத்திலிருந்து தொடங்கலாம்.